எட்டு நாளில் பாதியாகும் மருந்து

ஆவூரிலும் சுற்றுப்பட்டிலும் என்னை 'அணுகுண்டு குடிச்ச டீச்சர்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது, வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த யாராவது என் கழுத்தையே பார்த்தபடி நின்றால், யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வேன். ஆறேழு வருஷமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய், ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் குடித்தது அணுகுண்டு அல்ல. சின்னக் கண்ணாடிக் குவளையில் ஒரு மடக்குத் தண்ணீர். நிறமில்லை, வாசமில்லை, ருசியில்லை. குடித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காகக் காத்திருந்தது மூன்றரை மாதம்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. பழைய அணாவுக்குப் புதுக்காசு எத்தனை என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். அன்றைக்கு சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. ஆறு என்று எழுதினால் புழு நெளிந்த மாதிரி வந்தது. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டது. நேரே போய் அதன் கன்னத்தில் அறைந்தேன். பத்து வருஷ வேலையில் ஒரு பிள்ளையைக் கைநீட்டி அடித்தவளில்லை நான். அறைந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை அழுவதற்கு முன்னால் நான் அழுதேன்.

பசி தாங்காது. காலையில் நாலு ஆள் சாப்பிடுகிற கஞ்சியைக் குடித்துவிட்டுப் பத்து மணிக்கே வயிறு எரியும். அப்படியும் ரவிக்கை தோளில் தொங்கியது. மார்கழியிலும் வேர்த்தது. நெஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஓடி வந்தவளுடையதைப் போல அடித்தது. அடிப்பதுகூட ஒழுங்காக இல்லை. நாலு அடி வேகமாக, ஒரு அடி காணாமல், பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. என் மகள் ஜெயராணிக்கு அப்போது எட்டு வயது. "ஏம்மா என்னை முறைச்சுக்கிட்டே இருக்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி அதிகம் பேசமாட்டார். கிணறும் இரண்டு குறுக்கம் கடலைக் கொல்லையும்தான் அவர் உலகம். அவரே ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிலோமி, ஒனக்கு என்னமோ பண்ணுது. நீ திங்கிற சோறெல்லாம் எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல. நாளைக்குத் திருச்சிக்குப் போவோம்."

அதற்கு முன்பே புதுக்கோட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தோம். அவர் காச நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சளியைச் சோதித்து, இல்லை என்று தெரிந்ததும் சத்து டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திருச்சி டாக்டர் அப்படிச் செய்யவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடிக்கச் சொல்லி, என் தொண்டையையே பார்த்தார். விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே ஒரு மேடு ஏறி இறங்கியது. அது அத்தனை நாள் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

"தைராய்டுன்னு ஒரு சுரப்பி இங்க இருக்கு" என்று அவர் என் கழுத்தைத் தொட்டுக் காட்டி என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "உடம்பு எவ்வளவு வேகமா வேலை செய்யணும்கிறதை இதுதான் தீர்மானிக்குது. நீங்க விவசாயம் பண்றவர். கண்மாய் மடைன்னு வச்சுக்கங்க. இவங்களுக்கு மடைப் பலகை உடைஞ்சு போச்சு. தண்ணி நிக்காம பாயுது."

"அப்ப வயக்காடு அழிஞ்சிருமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதான். நெஞ்சு முதல்ல அழியும்."

மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. கை நடுக்கம் குறைந்தது. பிறகு ஒரு வாரம் காய்ச்சல். வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் மாத்திரைப் புட்டியை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். நோய்க் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களை அந்த மாத்திரையே கொன்றுகொண்டிருந்ததாம். இனி அதை ஒன்றுகூடத் தொடக்கூடாது. கழுத்தை அறுத்துச் சுரப்பியை எடுக்கலாம் என்றால், தாறுமாறாக அடிக்கும் இந்த நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்காது.

"சென்னையில புதுசா ஒரு வைத்தியம் இருக்கு. கதிர் வீசுற அயோடின். லெட்டர் தாரேன், உடனே போங்க" என்றார்.

என்னோடு சென்னைக்கு வந்தது என் வீட்டுக்காரரின் அக்கா, சவரியம்மாள் மதினி. புருஷன் செத்துப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. "நீ கொல்லையப் பாரு, பிள்ளையப் பாரு. நான் இவளப் பாத்துக்கிறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஒரு தகரப்பெட்டியோடு ரயிலேறினார். ஆஸ்பத்திரிகளைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். அது எனக்குத் தெரியும்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி. மேல்மாடியில் பெண்கள் வார்டு. இருபது கட்டில், நோயாளிகள் அதற்கு மேல். ஆடி மாதம். எனக்கு உடம்பே அடுப்பு. மதினி ஒரு பனையோலை விசிறியை வாங்கிவந்து, மத்தியானம் சாப்பாடு முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் எனக்கு விசிறுவார். கை மாற்றி மாற்றி விசிறுவார். "போதும் மதினி" என்றால், "சும்மா கெட, எனக்கும்தான் காத்து வருது" என்பார். அவர் பக்கம் காற்றே போகாது.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார்; கேட்டால் பதில் சொல்வார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இது எவ்வளவு அபூர்வம் என்று போய்ப் படுத்தவர்களுக்குத் தெரியும். அவர் சொன்னது இது: தைராய்டுக்குச் சாப்பாடு அயோடின் என்கிற ஒரு பொருள். உப்பிலும் கடல் மீனிலும் இருக்கிறது. உடம்பில் வேறெந்த இடமும் அதை இவ்வளவு ஆசையாக இழுக்காது. அதே அயோடினை அணு உலையில் வைத்துக் கதிர் வீசும்படி செய்து குடிக்கக் கொடுத்தால், சுரப்பி வித்தியாசம் தெரியாமல் விழுங்கும். விழுங்கியது உள்ளிருந்தே அதைச் சுட்டு அடக்கும்.

மதினி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "எலிக்குக் கருவாட்டுல பாஷாணம் வைக்கிற மாதிரியா டாக்டரய்யா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. நான் மாணவங்களுக்கு இவ்வளவு நல்லா சொன்னதில்லை."

"அப்ப இன்னைக்கே குடுத்துருங்க."

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "மருந்து இல்லைம்மா" என்றார்.

அந்த மருந்து இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வரவேண்டும். அந்த வருஷம் நாட்டில் அன்னியச் செலாவணி இல்லை. வெளிநாட்டிலிருந்து எது வாங்கினாலும் டில்லியின் அனுமதி வேண்டும். இயந்திரத்துக்கும் தானியத்துக்குமே அனுமதி கிடைப்பது பாடாக இருந்தது. முன்பெல்லாம் வாரம் ஒரு பார்சல் வந்ததாம். பிறகு மாதம் ஒன்று. பிறகு அதுவும் நிச்சயமில்லை. வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த மருந்து இருக்காது. எட்டு நாளில் பாதியாகிவிடும். அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. பூட்டி வைத்தாலும் குறையும். ஐஸில் வைத்தாலும் குறையும். யாரும் குடிக்காமல் அதுவே தீர்ந்துபோகும்.

சோதனைக்கென்று மிச்சமிருந்த சொட்டு மருந்தை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். மறுநாள் ஒரு கருவியை என் கழுத்துக்கு நேரே வைத்தார்கள். சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி அது படபடவென்று சத்தம் போட்டது. என் சுரப்பி எவ்வளவு வெறியோடு அயோடினை இழுக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. நோய் உறுதி. வைத்தியமும் உறுதி. மருந்துதான் இல்லை.

எனக்கு அடுத்த கட்டிலில் காளியம்மாள் இருந்தாள். மணமேல்குடி. புருஷன் கடலுக்குப் போகிறவர். என் வயதுதான், முப்பத்தைந்து. அவளுக்கும் தைராய்டில்தான் நோய், ஆனால் அது புற்றுநோய். தொண்டையில் அறுவை செய்து எடுத்த பிறகும் மார்புக்குள் பரவியிருந்தது. எக்ஸ்ரே படத்தில் கடலை தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அறுவையில் குரல் கெட்டு, கிசுகிசுப்பாகத்தான் பேச வரும். அதே மருந்துதான் அவளுக்கும். எனக்கு வேண்டியதைப்போலப் பத்துப் பன்னிரண்டு பங்கு வேண்டும்.

மருந்து கொடுக்கும் வரை கடல் மீன் சாப்பிடக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு. சுரப்பி அயோடினுக்குப் பசித்துக் கிடக்கவேண்டுமாம்.

"மீனு இல்லாம ரெண்டு மாசமாச்சு டீச்சரு" என்றாள் காளியம்மாள். "எங்கூர்ல நாய்கூட இப்பிடி இருக்காது."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கடிதாசி நான்தான் எழுதுவேன். கை நடுங்குவதால் ஒரு கார்டு எழுத அரைமணி ஆகும். "நல்லாருக்கேன்னு எழுதுங்க" என்பாள். எழுதுவேன். "மருந்து வந்துக்கிட்டே இருக்குன்னு எழுதுங்க" என்பாள். அதையும் எழுதுவேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தால் சிநேகமாகிவிடும். நாங்களும் ஆனோம்.

ஆவணியில் அரசாங்கத்திடமிருந்து புது உத்தரவு வந்தது. மருந்து வேண்டுகிற நோயாளிகளை இரண்டு பட்டியலாகப் பிரிக்கவேண்டும். முதல் பட்டியல் புற்றுநோய்க்காரர்கள். இரண்டாவது மற்றவர்கள். முதல் பட்டியல் முடிந்த பிறகே இரண்டாவது. சோதனைக்கென்று தனியாக வரவழைக்கக் கூடாது. ஒவ்வொரு பார்சலும் ஒரு நோயாளியின் பெயரில்தான் கேட்கப்படவேண்டும்.

அந்தப் பட்டியலைச் சரிபார்க்கச் செயலகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரே வார்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் நாடா கட்டிய ஃபைல். ஒவ்வொரு கட்டிலாக நின்று பெயரையும் ஊரையும் ஒத்துப்பார்த்தார். எனக்குப் பேச்சை அடக்க முடியாத காலம் அது. நோயின் குணமே அப்படி.

"ஏங்க, நான் ரெண்டாம் பட்டியலா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

"என் நெஞ்சு எப்ப நிக்கும்னு டாக்டருக்கே தெரியாது. அது உங்க ஃபைல்ல இருக்கா?"

அவர் கோபப்படவில்லை. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "இருக்கும்மா. எல்லாருக்கும் அப்படி ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கு. வர்றது ஒரு பார்சல். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஃபைலோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

போகும்போது அவர் திரும்பி வந்து சொன்னார்: "பம்பாய்ப் பக்கம் நம்ம அரசாங்கமே உலை கட்டியிருக்கு. இந்த மருந்தை அங்கேயே செய்ய முயற்சி நடக்குது. ஆனா எவ்வளவு தேவைன்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். டாக்டருங்க எழுதுறாங்க. நோயாளிங்க யாரும் எழுதுறதில்லை. நீங்க படிச்சவங்க. எழுதுங்க. ஃபைல்ல ஒரு காகிதம் இருந்தா அதைக் காட்டிப் பேச முடியும்."

அடுத்த பார்சல் காளியம்மாள் பெயரில் கேட்கப்பட்டது. நான் அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே உள்ளதைச் சொல்லத்தான். முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். பிறகு என் நெஞ்சு மோசமாயிற்று. மல்லாந்து படுக்க முடியாது. நாலு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கால் வீங்கிவிட்டது. காளியம்மாள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் எனக்குள் ஒரு எண்ணம் தலைதூக்கும்: இவளுக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது, மார்பு முழுக்கப் பரவிவிட்டதே. அதையும் தாண்டி ஒன்று. மருந்து வருவதற்குள் இவள் போய்விட்டால் அது எனக்கு வரும். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே இதை நினைத்தேன். மதினியிடம்கூடச் சொல்லவில்லை. மதினி பக்கத்தில் உட்கார்ந்து, என் வீங்கின காலைத் தன் மடியில் தூக்கிவைத்து நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து கார்டு வந்தது. என் வீட்டுக்காரரின் கோணல் எழுத்து. நாலே வரி. 'கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஜெயராணிக்கு இரட்டைச் சடை போட நான் கற்றுக்கொண்டேன். முதலில் கோணலாக வந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிப்பதில்லை.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

பார்சல் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து கிளம்பிவிட்டது என்று தந்தி வந்தது. பம்பாயில் இறங்கிவிட்டது என்றார்கள். அதன் பிறகு பேச்சில்லை. டாக்டர் தினமும் டிரங்க் கால் போட்டார். அனுமதிக் காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று அங்கே தடுத்து வைத்திருக்கிறார்களாம். கையெழுத்து டில்லியிலிருந்து வரவேண்டும். எட்டு நாள் போயிற்று. பதினாறு நாள் போயிற்று. டாக்டர் வார்டுக்குள் வருகிற நடையே மாறிவிட்டது.

இருபத்திநாலாம் நாள் வந்து சேர்ந்தது. ஈயப் பெட்டி, உள்ளே விரல் நீளக் குப்பி. டாக்டரே அளந்து பார்த்துவிட்டு எங்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். காளியம்மாளின் புருஷன் சுவரோரமாக நின்றார். மூன்று மாதமாக மாதம் ஒருமுறை வந்து போகிறவர். மருந்து பம்பாய்க்கு வந்துவிட்டது என்ற கார்டைப் பார்த்து வந்து, அது சேரும்வரை காத்துக் கிடந்தார்.

"பாதி, அதில் பாதி, அதிலும் பாதி" என்றார் டாக்டர். "எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். காளியம்மா, உனக்கு இது பத்தாது. பத்தாத மருந்தைக் கொடுத்தா நோய் சாகாது. அரைகுறையாச் சுட்டுட்டா, அடுத்த தடவை முழு மருந்து கொடுத்தாலும் அது இழுக்காமப் போயிடலாம்."

காளியம்மாள் ஏதோ கேட்டாள். குரல் வரவில்லை. அவள் புருஷன் கேட்டார்: "அப்ப இந்த மருந்த என்னய்யா செய்வீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சருக்கு இது சரியான அளவு. இன்னிக்கே கொடுக்கணும். நாளைக்கு இன்னும் குறையும்."

"அவ பேர்லதானங்க வந்துச்சு" என்றார் அவர். சத்தம் போடவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

"அவ பேர்லதான் வந்தது. நான் மேலே எழுதிக்கிறேன். என் பொறுப்பு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது வீணாகத்தான் போயிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சமாதானமெல்லாம் தேவைப்படவில்லை. குவளையைக் கொடுத்ததும் வாங்கினேன். கை நடுங்கியதால் மதினி பிடித்துக்கொள்ள வந்தார். டாக்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குழாயைப் போட்டுக் கொடுத்தார். உறிஞ்சினேன். குவளையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்கச் சொன்னார். குடித்தேன். திரும்பிப் பார்த்தபோது காளியம்மாள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள்.

என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த பார்சல் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதபோது கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்து என்ன பிரயோஜனம்? அவள் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்று மதினி சொன்னார்.

மருந்து உடனே வேலை செய்யாது. ஆறு வாரமாயிற்று. ஒருநாள் விடியும்போது போர்த்திக்கொள்ளப் போர்வை தேடினேன். குளிர்ந்தது. எனக்குக் குளிர்கிறது என்று மதினியிடம் சொன்னேன். அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஊருக்கு வந்தேன். கதிரின் மிச்சம் கொஞ்சமாவது உடம்பில் இருக்குமோ என்று பயந்து, டாக்டர் பரவாயில்லை என்று சொன்ன பிறகும் ஜெயராணியைப் பத்து நாள் பக்கத்தில் படுக்கவிடவில்லை. அவள் தகப்பன் போட்ட இரட்டைச் சடையோடு வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து கை நடுக்கம் நின்றது. நின்றதும் முதல் வேலையாக எழுத உட்கார்ந்தேன். டில்லிக்கு ஒன்று, சென்னைச் செயலகத்துக்கு ஒன்று. மணமேல்குடியில் இன்ன பெயருள்ள பெண்ணின் பெயரில் வந்த மருந்து, ஒரு கையெழுத்துக்காக இருபத்திநாலு நாள் நின்று அவளுக்கு உதவாமற் போனது. அந்த மருந்தைக் குடித்துப் பிழைத்தவள் நான். அவளுக்கு உரியதை அவளுக்குத் தரவேண்டும். இவ்வளவுதான் எழுதினேன். எங்கள் பங்குச் சாமியார் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். பதில் வந்தது: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' மறுபடி எழுதினேன். அதே பதில், வேறு தேதியோடு. ஐந்து தடவை எழுதினேன்.

"விடேன் பிலோமி. நீயா அந்த மருந்தத் தடுத்து வச்ச?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல. ஆனா குடிச்சது நான்தானங்க."

அடுத்த தபாலை அவரே கீரனூர் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

ஆனியில் தடித்த உறை ஒன்று வந்தது. பம்பாய் உலையிலேயே கதிர் அயோடின் தயாராகத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிகள் வேண்டும் அளவைக் கேட்டு வாங்கலாம். இறக்குமதி அனுமதி இனி வேண்டியதில்லை. பட்டியல் முறை நிறுத்தப்படுகிறது. காளியம்மாள் என்பவர் உடனே சென்னைக்கு வந்து சேரவும். கடைசி வரியின் ஓரத்தில், டைப் அடித்ததற்குக் கீழே, பேனாவால் யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: 'காகிதம் உதவியது.' கையெழுத்து இல்லை. அந்த ஒல்லியான மனிதராகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாளே பஸ் ஏறினேன். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, மணமேல்குடி போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. வழியில் ஒரு பெண்ணிடம் வீட்டைக் கேட்டேன். "இருமிக்கிட்டே கெடக்குமே, அந்தக் காளியம்மாவா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது.

குடிசைக்குள் பாயில் கிடந்தாள். பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. அவள் புருஷன்தான் எழுந்து நின்றார். உறையைப் பிரித்துப் படித்துச் சொன்னேன்.

"இன்னொரு தடவ அம்புட்டுத் தூரம் போயிட்டு வெறுங்கையா வரணுமா?" என்றார்.

"நானும் கூட வாரேன். மருந்து இல்லேன்னு சொன்னா நானே கேக்குறேன்."

காளியம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கிசுகிசுப்பும் அநேகமாகப் போய்விட்டிருந்தது. உதடு அசைந்ததைப் பார்த்து அவர் சொன்னார்: "போவோம்ங்கிறா."

இந்தத் தடவை சொன்ன தேதியில் மருந்து வந்தது. காலையில் பம்பாயிலிருந்து விமானம்; மாலைக்குள் ஆஸ்பத்திரி. டாக்டர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "குறையவே இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். அவளுக்குப் பெரிய அளவு என்பதால் வராந்தாவின் கோடியில் தனி அறை. குடித்த பிறகு அவள் உடம்பே கதிர் வீசும். நாலு நாளைக்கு யாரும் கிட்டே போகக்கூடாது. வாசற்படிக்கு வெளியே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கே நின்று ஐந்து நிமிஷம் பார்க்கலாம்.

அவள் புருஷனுக்குத் தொழில் கெட்டுவிடும் என்று ஊருக்கு அனுப்பிவிட்டு நான் தங்கினேன். இரண்டாம் நாள் கோட்டில் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் போயிருந்தாள். எனக்கு அதற்குமேல் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"காளியம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு ஒன் பேர்ல மருந்து வரப்போகுதுன்னு சொன்னப்ப, அது வர்றதுக்குள்ள நீ செத்துட்டா எனக்குக் கெடைக்குமேன்னு நெனச்சேன். ஒரு நாள் இல்ல. தெனமும் நெனச்சேன்."

அவள் ஏதோ சொன்னாள். உதடு நிறைய நேரம் அசைந்தது. ஒரு சொல்கூட எனக்கு எட்டவில்லை. நான் கோட்டைத் தாண்டக் கூடாது. அவளால் உரக்கப் பேச முடியாது. "என்ன சொல்ற?" என்று கேட்டேன். மறுபடியும் சொன்னாள். காது கொடுத்தும் கேட்கவில்லை. அவள் கண்ணில் கண்ணீர் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. சாப்பிட்டேன், நடந்தேன், காத்திருந்தேன். அதுமட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மருந்தும், பிறகு கொடுத்த இரண்டு தவணையும் அவளுக்கு ஐந்து வருஷம் கொடுத்தன. எக்ஸ்ரேயில் புள்ளிகள் மங்கின. மகளுக்குக் கல்யாணம் செய்து பேரனைத் தூக்கினாள். போன வருஷம்தான் போனாள். கருமாதிக்குப் போய் வந்தேன். ஆனால் அந்த நாலாம் நாள் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? டாக்டர் கருவியை அவள் முன்னால் பிடித்துப் பார்த்து, "இனி போகலாம்" என்று தலையசைத்ததும் நான் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

"அன்னைக்கு என்ன சொன்ன?"

அவள் என் காதுப்பக்கம் குனிந்தாள். மூச்சுதான் வந்தது; அதில் சொல் இருந்தது.

"நீங்க மருந்தக் குடிச்சிட்டீங்கள்ல டீச்சரு. நான் ஊருக்கு வந்தன்னைக்கே கடக்கரைக்குப் போயி, ஒங்க பேரச் சொல்லி மூணு கை மண்ண அள்ளித் தூத்துனேன். நாசமாப் போகணும்னு. அதத்தான் சொன்னேன்."

அவள் என் கையைப் பிடித்து, நடுக்கம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

"பலிக்கல. நல்லவேள."